ஊனமுற்ற உழைப்பாளிகளும் நமது சங்கங்களின் கடமையும்

(நூல் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்திய கூட்டமொன்றில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)



வழக்கமாக நாம் சங்கக் கட்டடத்தின் மாடியில் கூடுவோம். இன்று பள்ளிக்கூட மைதானத்தில், வேப்பமரத்தடியில் கூடியிருக்கிறோம். மாடியில் விளக்கும் காற்றாடியும் இருக்க, ஏன் இங்கே வந்தோம் என்று சில தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மாடிக்கு ஏறப் பதினெட்டுப் படிகள் இருக்கின்றன. அந்தப் படிகளில் ஏற முடியாதவர்களைப் பற்றித்தான் நான் இன்று பேச வந்திருக்கிறேன்.

2011-ம் வருஷ ஜனத்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் 2 கோடியே 68 லட்சம் பேர் ஊனமுற்றவர்கள். அவர்களில் 1 கோடியே 86 லட்சம் பேர் கிராமங்களில் இருப்பவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரம் பேர். இவர்களில் ஏதாவது ஒரு வேலை பார்க்கிறவர்கள், நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால், நூற்றுக்கு 36 பேர்தான். பெண்களிலோ நூற்றுக்கு 23 பேர். மற்றவர்கள் எல்லாம் எங்கே? வீட்டுத் திண்ணையிலே, கயிற்றுக் கட்டிலிலே, மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்துச் சாய்ப்பிலே இருக்கிறார்கள். நம் தெருவிலேயே இருக்கிறார்கள். நம் கூட்டத்தில் மட்டும் இல்லை.

2010-ல் நமது மாநில சர்க்கார் 'ஊனமுற்றோர்' என்ற பெயரை மாற்றி 'மாற்றுத்திறனாளிகள்' என்று வைத்தது. நல்ல பெயர். மனிதனை அவனது குறையைக் கொண்டு கூப்பிடக் கூடாது என்பது சரியான எண்ணம். ஆனால், பெயர் மாறியதோடு பிழைப்பும் மாறியதா என்று பார்க்க வேண்டியது நம் பொறுப்பு.

யார் இவர்கள்?

ஆலையிலே கார்டிங் பகுதியில் விரல்களைக் கொடுத்தவர்கள் இவர்கள். களத்திலே கதிரடிக்கும் இயந்திரத்தில் கையைக் கொடுத்தவர்கள். பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர்கள். இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியவர்கள். இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தைக்கு இயற்கையாகப் பரவும் போலியோ கண்டது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில். 2014 மார்ச்சில் இந்தப் பகுதி போலியோ ஒழிந்த பகுதி என்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்று கொடுத்தது. இது பெரிய வெற்றிதான். ஆனால் நோய்தான் ஒழிந்தது. அந்த நோய் தொட்டுவிட்டுப் போன குழந்தைகள் இன்று நாற்பது வயது மனிதர்களாக நம்மிடையே இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருத்தி என் தங்கை.

இதை நான் மேடையில் சொல்வது இதுவே முதல் தடவை. அவளுக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்து இரண்டு கால்களும் போயின. என் தாயார் களையெடுப்பு, நாற்று நடவுக்குப் போகிறவர். தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் வரப்பிலே உட்கார வைத்துவிட்டு வேலை செய்வார். பெரிய பெண்ணான பிறகு தூக்க முடியவில்லை. திண்ணையே அவளுக்கு உலகமாயிற்று. எட்டாம் வகுப்போடு படிப்பும் நின்றது. உயர்நிலைப் பள்ளி மூன்று மைல் தூரத்தில் இருந்தது.

பதினெட்டு வயதில் அவளுக்கு உதவித்தொகை கேட்டிருக்கலாம். கேட்டிருக்க வேண்டியவன் நான். பத்தாவது படித்தவன், மனு எழுதத் தெரிந்தவன், தாலுகா ஆபீஸ் முன்னால் எத்தனையோ முறை கோஷம் போட்டவன். ஊராருக்கெல்லாம் மனு எழுதினேன். என் வீட்டுத் திண்ணையைப் பார்க்கவில்லை. கடைசியில் என் தாயாரே கிளம்பினார். தங்கையை ஆட்டோவில் ஏற்றி, பஸ்ஸில் தூக்கி வைத்து, ஆஸ்பத்திரி முகாமுக்குக் கொண்டு போனார். முதல் தடவை எலும்பு டாக்டர் வரவில்லை. இரண்டாம் தடவை ரேஷன் கார்டு நகல் இல்லை என்று திருப்பினார்கள். மூன்றாம் தடவை சர்டிபிகேட் கிடைத்தது. மூன்று நாள் கூலி போயிற்று. வண்டிக்கும் பஸ்ஸுக்கும் கடன் வாங்கினார். முதல் தடவை அவர்கள் கிளம்பும்போது, "நீயும் கூட வாப்பா" என்று கேட்டார். "எனக்கு ஆலை வாசலில் கூட்டம் இருக்கிறது, நீங்கள் போய்ட்டு வாங்க" என்று சொன்னேன்.

உதவித்தொகை வந்தபோது தங்கைக்கு வயது 27. ஒன்பது வருஷத்துப் பணத்தை அவள் இழந்தாள். அதைத் தட்டிப் பறித்தவர் யாருமில்லை. வழி காட்ட ஆள் இல்லாததால் போயிற்று. சட்டப் புத்தகத்துக்கும் திண்ணைக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கடக்க ஆள் இல்லாததால் போயிற்று. தோழர்களே, நம் சங்கத்தின் வேலை அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

1995-ல் முதல் சட்டம் வந்தது. அதில் ஏழு வகை ஊனங்களே இருந்தன. 2006-ல் ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை நிறைவேற்றியது. 2007-ல் இந்தியா அதை ஏற்றது. அதன்படி 2016-ல் புதிய சட்டம் வந்தது. இதில் 21 வகை. கை கால் குறை, பார்வை, காது, பேச்சு, அறிவு வளர்ச்சிக் குறைவு, மனநோய், தொழுநோயிலிருந்து குணமானவர்கள், தசைச்சிதைவு, அமில வீச்சுக்கு ஆளானவர்கள் என்று பட்டியல் போகிறது. நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் குறை இருப்பதாக டாக்டர் சான்று கொடுத்தால், சட்டத்தின் முக்கிய சலுகைகளைக் கேட்கலாம்.

இந்தச் சட்டத்தின் 24-வது பிரிவை நம் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. எப்போதும் துணைக்கு ஆள் தேவைப்படுகிறவர்களுக்கு, பார்த்துக்கொள்கிறவருக்கான படியும் வேண்டும் என்கிறது. 37-வது பிரிவு, வறுமை ஒழிப்புத் திட்டங்களில் இவர்களுக்கு 5 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்கிறது. அதில் பெண்களுக்கு முன்னுரிமை.

ஆலைத் தோழர்கள் ஒரு விஷயத்தில் குழம்பக் கூடாது. வேலையில் அடிபட்டால் கொடுக்கும் நஷ்டஈட்டுக்குச் சதவீதக் கணக்கு வேறு. ஊனச் சான்றின் சதவீதக் கணக்கு வேறு. 1923-ம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில் கட்டை விரல் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, நடுவிரல் போனால் 12, ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50 என்று சம்பாதிக்கும் சக்தியின் இழப்பைக் கணக்கிட்டார்கள். அந்தச் சட்டமும் 1948-ம் வருஷத்து ஈ.எஸ்.ஐ. சட்டமும் 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டன. ஆனாலும் வேலையில் அடிபட்டவனுக்குப் பணம் கொடுக்கும் கடமை அதிலும் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு நிரந்தர ஊனம் என்றால் ஆயுள் முழுதும் மாதா மாதம் பணம் வர வேண்டும். ஈ.எஸ்.ஐ. இல்லாதவருக்கு முதலாளி கொடுக்க வேண்டும். பஞ்சுத் தூசியால் நுரையீரல் கெட்டவர் 21 வகைப் பட்டியலில் வர மாட்டார். அது தொழில் நோய். நஷ்டஈட்டுக் கணக்கில் கேட்க வேண்டும். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் தவறான கதவிலே நின்று திரும்பியவர்கள் நம்மில் பலர்.

நம் சங்கம் ஒரு தடவை கார்டிங் பகுதித் தோழர் ஒருவருக்காகப் போராடி நஷ்டஈடு வாங்கியது. நான்கு விரல் போனவர். மாலை போட்டோம், போட்டோ எடுத்தோம். பிறகு அவருக்கு ஆலையில் வேலை இல்லை என்றார்கள். பணமும் கடனுக்குப் போயிற்று. பத்து வருஷம் கழித்து ஒரு டீக்கடையில் அவரைப் பார்த்தேன். ஒரு கையால் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். கோபித்துக்கொள்ளவில்லை. "டீ சாப்பிடுங்க தோழர்" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார். வழக்கை ஜெயித்த நாம் மனிதனை மறந்துவிட்டோம்.

பணம் எவ்வளவு?

வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள, 80 சதவீதம் ஊனமுற்றவர்களுக்காக மத்திய சர்க்கார் 2009-ல் ஒரு பென்ஷன் திட்டம் கொண்டுவந்தது. மாதம் 200 ரூபாய். 2012-ல் 300 ஆக்கினார்கள். அதற்குப் பிறகு அரிசி விலை ஏறியது, மருந்து விலை ஏறியது, பஸ் கட்டணம் ஏறியது. டெல்லியின் பங்கு பத்து வருஷத்துக்கு மேலாக அந்த 300-லேயே நின்றது. ஒரு நாளைக்குப் பத்து ரூபாய்!

தமிழக சர்க்கார் தன் பங்கையும் சேர்த்துக் கொடுக்கிறது. 2023 ஜனவரியில் உதவித்தொகை 1000 ரூபாயிலிருந்து 1500 ஆயிற்று. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான பராமரிப்புத் தொகை 2000 ஆயிற்று. இந்த உயர்வும் மனுக்களாலும் மறியல்களாலும் வந்ததே. சக்கர நாற்காலியோடு ரோட்டில் உட்கார்ந்து கைதானவர்கள் வாங்கிக்கொடுத்தது. பக்கத்து ஆந்திராவில் 2024-ல் மாதம் 6000 ரூபாய் ஆக்கினார்கள். அங்கே முடியும் என்றால் இங்கே ஏன் முடியாது என்று கேட்பது பேராசையல்ல.

நூறு நாள் வேலை நடந்த காலத்தில், தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் நான்கு மணி நேரம் வேலை செய்தால் முழுநாள் கூலி என்று உத்தரவு இருந்தது. தண்ணீர் கொடுப்பது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது போன்ற வேலைகள் அவர்களுக்கு. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டத்தைப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். புதிய சட்டத்தின் கீழும் இந்த நான்கு மணி நேர ஏற்பாடு ஒரு நாளும் நிற்கக் கூடாது. விவசாயத் தொழிலாளர் சங்கம் இதில் கண்ணாக இருக்க வேண்டும்.

உதவி ஊருக்கு வர வேண்டும்

பணம் மட்டும் போதாது, தோழர்களே. நடக்கப் பழக்க ஆள் வேண்டும். பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி வேண்டும். இவற்றையெல்லாம் பட்டணத்து ஆஸ்பத்திரியில் வைத்தால், கூலிக்காரன் எப்படிப் போவான்? வாரம் இரண்டு நாள் பயிற்சிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால், அந்த இரண்டு நாளும் வீட்டில் அடுப்பெரியாது.

1978-ல் அன்றைய சோவியத் கஜகஸ்தானின் அல்மா-ஆட்டா நகரில் உலக நாடுகள் கூடி, வைத்தியம் ஜனங்கள் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும் என்று பிரகடனம் செய்தன. அதையொட்டித்தான் உலக சுகாதார ஸ்தாபனம் ஊர்மட்டப் புனர்வாழ்வு என்ற முறையைப் பரப்பியது. அதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஊரிலேயே ஒருவருக்குப் பயிற்சி கொடுப்பது. அவர் வீடு வீடாகப் போய்த் தாய்க்கும் தகப்பனுக்கும் சொல்லிக்கொடுப்பது. முற்றத்தில் இரண்டு மூங்கில்களைக் குறுக்கே கட்டினால் பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு நடை பழகும். அதற்குப் பட்டணத்து இயந்திரம் தேவையில்லை.

உழைப்பாளியின் வாழ்க்கைக்கு ஏற்றபடி உதவி இருக்க வேண்டும் என்பதற்கு ஜெய்ப்பூர் காலே சாட்சி. அதற்கு முன்பு வந்த செயற்கைக் கால்கள் பூட்ஸ் போட்டு நாற்காலியில் உட்காருகிறவர்களுக்காகச் செய்தவை. குத்துக்காலிட்டு உட்கார முடியாது, சேற்றில் இறங்க முடியாது. நம் விவசாயி அதை மூலையில் போட்டுவிட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு போனான். 1968 வாக்கில் ராம் சந்திர ஷர்மா என்ற கைவினைத் தொழிலாளியும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து, ரப்பரால் ஆன பாதத்தை உருவாக்கினார்கள். செருப்பில்லாமல் நடக்கலாம், வயலில் இறங்கலாம், சம்மணமிட்டு உட்காரலாம். டாக்டரின் படிப்போடு தொழிலாளியின் கையும் சேர்ந்ததால் நடந்தது இது.

தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் என்பவர் இருக்கும் ஊரைப் பல தோழர்கள் அறிவார்கள். 1975-ல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலற்றுப் போனவர். 1981-ல் தன் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் துவக்கினார். இன்று அதன் ஊழியர்கள் கிராமம் கிராமமாகப் போய்க் குழந்தைகளைக் கண்டுபிடித்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். தர்ம ஸ்தாபனம் ஒன்றால் அத்தனை கிராமங்களுக்குப் போக முடிகிறது என்றால், சர்க்காரால் எல்லாக் கிராமங்களுக்கும் போக முடியாதா?

போக முடியும் என்று சர்க்காரே இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறது. உலக வங்கி 2022-ல் கடன் கொடுக்கச் சம்மதித்த 'உரிமைகள்' திட்டத்தின் கீழ், 'விழுதுகள்' என்ற பெயரில் சேவை மையங்களைத் திறக்கத் துவங்கினார்கள். பல பயிற்சிகளும் ஒரே இடத்தில். வர முடியாதவர்களுக்கு வண்டியும் போகும் என்பது ஏற்பாடு. இதை நாம் வரவேற்கிறோம். அதோடு நிற்காமல், நம் வட்டாரத்துக்கு மையம் எங்கே, வண்டி எந்தக் கிழமை எந்த ஊருக்கு வரும் என்று கேட்க வேண்டும். கடன் காலம் முடிந்ததும் மூடிவிடாமல் நிரந்தரமாக நடத்த வேண்டும் என்றும் கேட்க வேண்டும்.

ஊரில் உதவி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ந்தேதி விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் இருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் செத்தார்கள். ஓட முடியவில்லை, சங்கிலியால் கட்டியிருந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்களா? இல்லை. பலர் நம்மைப் போன்ற ஏழைகள். பக்கத்தில் வைத்தியம் இல்லை, பகலில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, வேலைக்குப் போகாமல் வயிறு நிறையாது. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தடுத்தது. சரி. ஆனால், நம் ஊரில் ஒரு தாய் மகனைத் தூணில் கட்டிவிட்டு நாற்று நடப் போகிறாள் என்றால், சட்டத்தைக் காட்டி மிரட்டினால் போதுமா? அவளுக்கு மாத்திரையும் பக்கத்து ஆஸ்பத்திரியில் டாக்டரும் பகல் நேரக் காப்பகமும் கிடைக்கும்படி செய்தால்தான் கயிறு அவிழும்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

சர்க்காரைக் கேட்பது ஒரு பாதி. மற்றப் பாதி நம் கையில் இருக்கிறது.

முதலாவதாக, ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் போட வேண்டும். நம் ஊரில், நம் லைனில், எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், வயதென்ன, சர்டிபிகேட் உண்டா, அடையாள அட்டை உண்டா, உதவித்தொகை வருகிறதா என்று எழுத வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை இது.

இரண்டாவதாக, மருத்துவ முகாமுக்கு யாரும் தனியாகப் போகக் கூடாது. போட்டோ, ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்துவிட்டு, சங்கத்து வாலிபர் ஒருவர் கூடப் போக வேண்டும். பத்துப் பேரைச் சேர்த்து ஒரே வண்டியில் கூட்டிப் போனால் செலவும் குறையும். ஆபீஸில் மரியாதையும் கூடும். சாதாரண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் வேண்டாம் என்று 2021-ல் சர்க்கார் அறிவித்தது. நிறுத்தாமல் போகிற பஸ்ஸின் நம்பரைக் குறித்துக்கொண்டு வாருங்கள். டிப்போவில் பேசுவோம்.

மூன்றாவதாக, ஆலையில் அடிபட்ட தோழரை வழக்கு முடிந்த பிறகும் விடக் கூடாது. அவரால் செய்யக் கூடிய வேலையில் அவரை வைக்க வேண்டும் என்பதைப் பேச்சுவார்த்தைக் கோரிக்கைகளில் சேர்க்க வேண்டும்.

நான்காவதாக, மாதர் தோழர்களின் யோசனை ஒன்று. படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் தாய், மனைவி, அக்காள். அவர்களுக்கு ஓய்வு நாள் கிடையாது. வாரத்தில் அரை நாள், முறை வைத்து, பக்கத்து வீட்டார் பார்த்துக்கொண்டால் அவர்கள் சந்தைக்காவது போய் வரலாம். கூட்டத்துக்கும் வரலாம். பார்த்துக்கொள்வோருக்கான படியைக் கேட்டு மனு கொடுக்கும்போது முதல் கையெழுத்து அவர்களுடையதாக இருக்கட்டும்.

ஐந்தாவதாக, இந்த வேலையை அவர்களுக்காக நாம் செய்கிறோம் என்று நினைக்கக் கூடாது. அவர்களோடு சேர்ந்து செய்ய வேண்டும். என் தங்கை இன்று எங்கள் தெருவில் எல்லார் வீட்டுக் காகிதத்தையும் அறிவாள். எந்த மனுவோடு எதை இணைக்க வேண்டும், எந்த ஆபீஸில் எந்த மேஜை என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்று தடவை அலைந்து கற்ற பாடம். ஊர்க்காரர்கள் கிராம அதிகாரியிடம் போகுமுன் அவள் திண்ணைக்கு வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். அவளைப் போன்றவர்களைக் கிளைக் கமிட்டியில் எடுக்க வேண்டும்.

போன மாதம் அவளிடம், "சங்கத்துக்கு வாயேன் பாப்பா, உன்னைப் போல ஆள் வேண்டும்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, "வரேண்ணே. உங்க சங்கம் மாடியில இருக்கே, என்னை யாரு தூக்கிட்டுப் போவா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இருபது வருஷமாக அந்தப் படிகளில் ஏறி இறங்குகிறேன். ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அன்றுதான் எண்ணினேன். பதினெட்டு.

எனவே, தோழர்களே, கலெக்டருக்குப் போகும் கோரிக்கை மனுவை நிறைவேற்றுவதற்கு முன்னால், நமக்கு நாமே ஒரு தீர்மானம் நிறைவேற்றிக்கொள்வோம். சங்க ஆபீஸைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற வேண்டும். கீழே இருக்கும் சைக்கிள் அறையைக் காலி செய்தால் இடம் கிடைக்கும். வாசலில் ஒரு சாய்வுப் பாதை கட்ட வேண்டும். அரை மூட்டை சிமெண்டும் நம்மில் இரண்டு கொத்தனார்களும் போதும். சம்மதம் என்றால் கையைத் தூக்குங்கள். கை தூக்க முடியாதவர்கள் குரல் கொடுங்கள், எண்ணிக்கொள்கிறோம்.

அடுத்த மாதக் கூட்டம் கீழே நடக்கட்டும். அதற்கு வருகிற ஒவ்வொருவரும் தன் தெருவிலிருந்து, இதுவரை வராத ஒருவரை அழைத்து வாருங்கள். நான் என் தங்கையை அழைத்து வருகிறேன்.